கண்ணிற் பூ விழுதல்: நாய், பூனை வளர்ப்போருக்கு ஓர் அறிவுரை

முகவுரை

தோட்டத்துக்கும் வீட்டுக்கும் காவலாயிருப்பது நாய். சேமித்து வைத்த நெல்லை எலியினின்றும் காப்பது பூனை. இப்பிராணிகளின் காலிலோ முதுகிலோ காயமுண்டானால் உடனே கவனிக்கும் வீட்டார், கண்ணில் வெண்மை படர்ந்தால் மாத்திரம், “பூ விழுந்துவிட்டது, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை” என்று வாளாவிருந்து விடுகின்றனர். வேறு சிலர் அயலார் சொற்கேட்டுக் கையிற் கிடைத்த சாற்றையெல்லாம் அக்கண்ணிற் பிழிகின்றனர். இவ்விரண்டும் தவறாகும். முன்னதனாற் காலம் வீணாகின்றது. பின்னதனாற் கண் வீணாகின்றது.

“பூ” என்பது ஒரு நோயின் பெயரன்று. அது பல நோய்களுக்குப் பொதுவான ஓர் அடையாளம். அந்நோய்களுட் சில யாதொரு தீங்கும் செய்யாதிருக்கும். சில தக்க மருந்திட்டால் ஒரு வாரத்தில் ஆறிவிடும். சிலவோ இரண்டு நாளிற் கண்ணை முற்றாக அழித்துவிடும். இவற்றை வேறுபடுத்தி அறிதல் வைத்தியரின் கடமை. ஆயின், எதனைக் கண்டவுடன் வைத்தியரிடம் ஓடவேண்டும் என்பதை அறிந்திருத்தல் வளர்ப்போரின் கடமை. அதனை விளக்குவதே இப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

கண்ணின் முன்புறத் திரை

கண்ணின் முன்புறத்தில், கருமையாகவோ கபிலநிறமாகவோ தோன்றும் வட்டத்துக்கு முன்னால், கடிகாரக் கண்ணாடி போன்ற ஒரு தெளிவான திரை உண்டு. இதனை விழிவெண்படலம் என்பர். பெயரில் வெண்மை இருப்பினும், நலமுள்ள கண்ணில் இது பளிங்குபோலத் தெளிந்திருக்கும். நாயிலும் பூனையிலும் இதன் தடிப்பு ஏறக்குறைய அரை மில்லிமீற்றர் முதல் 0.7 மில்லிமீற்றர் வரையுமே. நகத்தின் தடிப்பை ஒத்த இச்சிறு திரையே கண்ணின் உள்ளுறுப்புக்களுக்கும் வெளியுலகுக்கும் இடையிலுள்ள காவலாகும்.

இத்திரை நான்கு படைகளாலானது. மேலேயுள்ளது மெல்லிய மேற்றோல். அதன் கீழே, தடிப்பிற் பத்தில் ஒன்பது பங்காகிய நார்ப்படை. அதற்கும் கீழே மிகமெல்லிய ஒரு சவ்வு. எல்லாவற்றிற்கும் உட்புறமாக ஒரே வரிசையிலமைந்த உட்கலப்படை. இவ்வுட்கலங்கள் திரைக்குள் ஊறும் நீரை இடைவிடாது வெளியேற்றிய வண்ணம் இருக்கின்றன. கிணற்றடியிலுள்ள நிலத்தில் நீர் தேங்காதிருக்க வாய்க்கால் வெட்டி வடிப்பதை இதற்கு ஒப்பிடலாம். வடிகால் கெட்டால் நிலம் சேறாவது போல, இக்கலங்கள் கெட்டால், அன்றி மேற்றோல் உரிந்து கண்ணீர் உட்புகுந்தால், நார்ப்படை நீரூறி வீங்கும். அப்பொழுது தெளிவு போய் நீலங்கலந்த வெண்மேகம் தோன்றும். அழிந்த உட்கலங்கள் பெரும்பாலும் மீண்டும் உண்டாவதில்லை.

இத்திரையில் இரத்தக்குழாய்கள் இல்லை. இருப்பின் பார்வைக்குத் தடையாகும். வெளிப்புறத்திற் கண்ணீரும் உட்புறத்தில் விழிநீருமே இதனைப் போஷிக்கின்றன. ஆகவே கண்ணீர் குறைந்தால் திரை பட்டினி கிடக்கும். ஆனால் நரம்புகள் மிகுதியாக உள. அவை மேற்பரப்பையடுத்தே செறிந்திருக்கின்றன. மேலோட்டமான சிறு கீறலும் தாங்கொணா நோவைத் தருவது இதனாலேயே.

மனிதரின் விழிவெண்படலம் தெளிவிழந்தால் இறந்தோர் தானஞ்செய்த படலத்தைப் பொருத்திப் பார்வை அளிக்கின்றனர். இலங்கைக் கண்தான சங்கம் 1961ஆம் ஆண்டில் வைத்தியர் ஹட்சன் சில்வாவால் நிறுவப்பட்டது; 1964ஆம் ஆண்டு முதல் பிறநாடுகளுக்கும் கண்களை அனுப்பி வந்துள்ளது. பிராணிகளுக்கு இவ்வசதி எளிதிற் கிடைப்பதன்று. ஆகவே அவற்றுக்கு உள்ள திரையைக் காத்தலே வழி.

வெண்மை எந்த இடத்தில் உள்ளது?

பிராணியை வெளிச்சமுள்ள யன்னலருகே நிறுத்தி இரு கண்களையும் ஒப்பிட்டுப் பார்க்க. பின்னர் சற்று இருளான அறையில் மின்சூளைப் பக்கவாட்டிற் பிடித்துப் பார்க்க. வெண்மை கண்ணின் மேற்பரப்பிலேயே உள்ளதாயின் அது விழிவெண்படலத்தின் நோய். மேற்பரப்பு தெளிவாயிருக்க, கண்மணியாகிய கருந்துளைக்குள்ளே வெண்மை தெரியின் அது வில்லையின் மாற்றம். இவ்விரண்டையும் “பூ” என்றே சொல்வதாற் பல தவறுகள் நேர்கின்றன.

மேற்பரப்பில் உள்ள நிறமும் ஒரு குறிப்பாகும்:

நீலங்கலந்த மேகம்: நார்ப்படையில் நீர் ஊறியிருக்கின்றது.
சாம்பல் நிறமான, விளிம்பு தெளிந்த வெண்புள்ளி. நோவில்லை: பழைய வடு.
மஞ்சள் அல்லது பச்சை கலந்த வெண்மை: சீழ் சேர்கின்றது, பேராபத்து.
சிவந்த நூல்போன்ற குழாய்கள்: சில நாட்களாகவே நோய் இருந்து வருகின்றது.
கபில அல்லது கரும் படர்வு: நாட்பட்ட உராய்வு அல்லது கண்ணீர்க் குறைவு.
மினுங்கும் பளிங்குத் துகள் போன்றது, நோவில்லை: கொழுப்புப் படிவு, பெரும்பாலும் அவசரமில்லை.

நிறத்தைக் காட்டிலும் முக்கியமானது நோவு. கண்ணைச் சுருக்கி மூடுதல், நீர் வடிதல், முன்னங்காலால் தேய்த்தல், வெளிச்சத்தை விட்டு மூலையிற் போய்ப் படுத்தல், மூன்றாம் இமை ஏறி நிற்றல் ஆகியன நோவின் அடையாளங்கள். வெண்மையும் நோவும் ஒருங்கே காணின் அன்றைய தினமே வைத்தியரிடம் செல்க.

ஒரு கீறல் நாளுக்கு நாள் அடையும் மாற்றம்

விழிவெண்படலத்திற் காணப்படும் நோய்களுள் மிகவும் சாதாரணமானது புண். அதன் போக்கை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். மாலையில் ஒரு நாய் கருக்கு மட்டை வேலியில் உள்ள பொட்டினூடே புகுந்து வருகின்றது. மட்டையின் கருக்கு அதன் கண்ணைக் கீறிவிடுகின்றது.

முதல் நாள்: கண் பாதி மூடியிருக்கும், தெளிந்த நீர் வடியும். வெண்மை இன்னும் தோன்றாதிருக்கலாம். மேற்றோல் மாத்திரமே உரிந்திருந்தால், சுற்றியுள்ள கலங்கள் வழுக்கி நகர்ந்து வெளியான இடத்தை மூடத் தொடங்கும். இன்றே மருந்திடப்பட்டால், இத்தகைய புண் பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு நாட்களுள் வடுவின்றி ஆறிவிடும்.

இரண்டாம், மூன்றாம் நாட்கள்: கவனிக்காவிடிற் கீறலைச் சுற்றி நீலமேகம் படரும். கருக்கிலிருந்தும் நிலத்திலிருந்தும் வந்த பற்றீரியாக்கள் நார்ப்படையிற் குடிபுகும். வடியும் நீர் தடித்து மஞ்சளாகும். நாய் காலால் தேய்க்குந்தோறும் புண் பெரிதாகும்.

நான்காம், ஐந்தாம் நாட்கள்: கண்ணின் ஓரத்திலிருந்து சிவந்த குழாய்கள் புண்ணை நோக்கி வளரத் தொடங்கும். இவை நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் முன்னேறும். பார்வைக்கு அச்சந்தருவனவாயினும், இவை புண்ணை ஆற்ற உடல் அனுப்பிய உதவியேயாகும். புண் ஆறியபின் இவை வெறுமையாகும். ஆனால் ஆழமான புண் இருந்த இடத்தில் வெண்வடு எஞ்சும்.

இன்னுமொரு வகை உண்டு. சில பற்றீரியாக்களும், அவற்றை எதிர்க்க வந்த வெண்குருதிக் கலங்களும் வெளியிடும் நொதியங்கள் நார்ப்படையைக் கரைத்துவிடும். அப்போது புண்ணின் விளிம்பு உருகிய மெழுகு போலவோ சளிபோலவோ தொய்ந்து காணப்படும். இதனை உருகு புண் என்பர். இது இருபத்து நான்கு மணி நேரத்துள்ளேயே கண்ணைத் துளைத்துவிடக்கூடும். இரவாயினும் விடுமுறை நாளாயினும் இதற்குக் காத்திருத்தல் கூடாது.

இவ்விடத்திற் பலரை ஏமாற்றும் இரண்டு தோற்றங்களைக் குறிப்பிடல் வேண்டும். முதலாவது, வெண்மையின் நடுவே தெளிந்த கரும்புள்ளி ஒன்று தோன்றுதல். “பூ நடுவிற் கரைகின்றது, குணமாகின்றது” என்று வீட்டார் மகிழ்வர். உண்மையில், நார்ப்படை முழுவதும் அழிந்து, உள்ளேயுள்ள மெல்லிய சவ்வு மாத்திரம் எஞ்சியிருப்பதே அக்கருமை. தும்மினாலும், கழுத்தை இழுத்தாலும் அச்சவ்வு கிழிந்துவிடலாம். இரண்டாவது, நோவு குறைதல். நரம்புகள் மேற்பரப்பிலேயே செறிந்திருப்பதால், புண் ஆழமாகுங்கால் நோவு சில வேளை குறைந்தது போலத் தோன்றும். கண் தெளியாமல் நோவு மாத்திரம் குறைந்தால் அதனைக் குணமென்று கொள்ளற்க.

புண் ஆறாமைக்குக் காரணங்கள்

சிறு புண் ஒரு வாரத்தில் ஆறாவிடின் அதனை ஆறவிடாத காரணம் ஒன்று உண்டென்று கொள்ளல் வேண்டும். மருந்தை மாற்றி மாற்றி இடுவதிலும் அக்காரணத்தைத் தேடுவதே அறிவுடைமை.

1. பிறபொருள். புல்லின் கூர், நெற்சுணை, மரத்தூள் முதலியன மூன்றாம் இமையின் பின்புறத்தில் ஒளிந்திருந்து ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் திரையை அராவும். சூடு மிதிக்குங் காலத்தில் இது நேரக்கூடும்.

2. இமைக் குறைகள். சில நாய்களில் இமையின் விளிம்பு உட்புறம் மடிந்திருக்கும். சிலவற்றில் மேலதிக மயிர்கள் கண்ணை நோக்கி வளரும். இவற்றைச் சத்திரசிகிச்சையால் திருத்தலாம்.

3. கண்ணீர்க் குறைவு. காலைதோறும் கண்ணில் ஒட்டுந்தன்மையுள்ள சளி திரண்டு, கண்ணின் மேற்பரப்பு பளபளப்பிழந்து காணப்படின் இதனை ஐயுறுக. வைத்தியர் ஒரு சிறு தாட்கீலத்தைக் கீழிமையில் ஒரு நிமிடம் வைத்து, அது நனையும் நீளத்தை அளப்பார். நாயில் 15 மில்லிமீற்றரோ அதற்கு மேலோ நனையின் போதிய கண்ணீர் உண்டு. 10 மில்லிமீற்றருக்குக் குறையின் நோயென்று பெரும்பாலும் கொள்ளலாம். உடலே தன் கண்ணீர்ச் சுரப்பியைப் பகைத்து அழித்தல், டிஸ்டெம்பர் நோய், சல்பா மருந்துகள் ஆகியன இதற்குக் காரணமாகலாம். சைக்கிளோஸ்போரின் என்னும் மருந்து பல நாய்களில் நற்பயன் தருகின்றது. ஆயினும் அதனை வாழ்நாள் முழுவதும் இடவேண்டியிருக்கும்.

4. வெளித்தள்ளிய சுரப்பி. இளநாய்களிற் கண்ணின் உள்மூலையிற் சிவந்த உருண்டை ஒன்று தோன்றுவதுண்டு. இது கட்டியன்று, மூன்றாம் இமையின் கண்ணீர்ச் சுரப்பியே இடம்பெயர்ந்துள்ளது. கண்ணீரின் மூன்றிலொரு பங்களவை இதுவே சுரப்பதால் இதனை வெட்டி எறிவித்தல் தவறு. தன்னிடத்தில் மீண்டும் பொருத்தித் தைப்பித்தலே முறை.

5. தட்டையான முகம். பக், பீக்கினீஸ், ஷிட்சு முதலிய இன நாய்களிலும், பாரசீகப் பூனையிலும் கண் வெளித்தள்ளியிருப்பதால் இமைகள் நன்கு மூடுவதில்லை. இவற்றின் கண்ணை நாள்தோறும் பார்த்தல் வேண்டும்.

6. வயது. நடுவயதைக் கடந்த சில நாய்களில் புதிய மேற்றோல் கீழ்ப்படையோடு ஒட்டாது உரிந்து கொண்டேயிருக்கும். வைத்தியர் அத்தளர்ந்த தோலை அகற்றிப் பரப்பைச் செப்பனிட்டாலன்றி இப்புண் வாரக்கணக்காக ஆறாது.

பூனைகளிற் சிறப்பாகக் காணப்படுவன

பூனைக்குட்டிகள் தும்முவதும், மூக்கும் கண்ணும் வடிவதும், இமைகள் ஒட்டிக்கொள்வதும் நாம் அடிக்கடி காண்பவை. இதற்குப் பெருங்காரணம் பூனை ஹெர்ப்பிஸ் வைரசு. இது விழிவெண்படலத்தின் மேற்றோலை மரக்கிளை போன்ற வடிவில் அரித்துப் புண்ணாக்கும். குட்டிகளிற் புண்ணான பரப்புக்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிலையான வெண்மையை விட்டுவிடுவதுமுண்டு. நோய் மாறிய பின்பும் வைரசு நரம்பினுள் மறைந்திருந்து, வீடு மாறுதல், புதிய பூனையின் வரவு, குட்டியீனுதல் போன்ற நெருக்கடிகளில் மீண்டும் எழும். இது மனிதருக்கோ நாய்க்கோ தொற்றுவதில்லை.

பிறந்த குட்டிகள் ஏழு முதல் பதினான்கு நாட்களுட் கண் திறக்கும். அதற்கு முன்னரே மூடிய இமை வீங்கிக் காணப்படின் உள்ளே சீழ் தேங்குகின்றதென அறிக. கண் தானாகத் திறக்கட்டும் என்று காத்திருந்தால், திறக்கும்போது உள்ளே காப்பாற்றத்தக்க கண் இராதொழியலாம்.

பூனையின் கண்ணின் நடுவே கபிலநிறமாகவோ கறுப்பாகவோ ஒரு தகடு தோன்றுவதும் உண்டு. நாட்பட்ட புண்ணின் விளைவாக நார்ப்படையின் ஒரு பகுதி இறந்துபட்டமையே இது. நகத்தால் சுரண்டுதலோ பிடுங்குதலோ கூடாது. வைத்தியர் சத்திரசிகிச்சையால் அகற்றுவார்.

புண்ணின்றித் தோன்றும் மேகம்

நாயின் தொற்று ஈரலழற்சியைத் தோற்றுவிக்கும் அடினோ வைரசு, நோய் தணியுங்காலத்தில் ஒரு கண்ணையோ இரு கண்களையுமோ நீலமாக்குவதுண்டு. பல நாய்களில் இது சில வாரங்களில் மறையும், சிலவற்றில் நிலைத்துவிடும். தடுப்பூசியால் இந்நோயை வரவொட்டாது தடுக்கலாம்.

கண்ணின் உட்பகுதி அழற்சியுற்றாலும் மேகம் தோன்றும். அப்போது கண் சிவந்து, கண்மணி சுருங்கி, வெளிச்சத்தைப் பொறுக்கமாட்டாதிருக்கும். நாய்களில் உண்ணிகளாற் பரவும் காய்ச்சல்கள் இதற்கு ஒரு காரணமாகும். ஆகவே கண்ணை மாத்திரமன்றி முழுவுடலையும் வைத்தியர் சோதிக்க வேண்டியிருக்கும்.

கண்ணமுக்கம் மிகுதல் இன்னொன்று. கண் கல்லெனக் கடினமாகி, வெண்பகுதி சிவந்து, கண்மணி அகன்று, திரை நீலமாகும். பிராணி உணவை மறுத்துச் சோர்ந்து கிடக்கும். மிகுந்த அமுக்கத்தால் விழித்திரை ஓரிரு நாளிலேயே அழிந்து பார்வை மீளாதொழியலாம். இதுவும் அன்றே செல்லவேண்டிய நோயாகும்.

இனி வில்லையைப் பற்றிச் சுருக்கமாகக் கூறுவோம். ஆறேழு வயதைக் கடந்த நாயின் இரு கண்மணிகளிலும் சாம்பல் கலந்த நீலநிறம் தோன்றுவது வயதின் இயல்பு, பார்வை பெரும்பாலும் கெடுவதில்லை, மருந்தும் வேண்டியதில்லை. வில்லை முழுவதும் பாற்கட்டி போல வெளுப்பதே கண்புரை. அதனைத் துளிமருந்தாற் கரைக்க இயலாது. சத்திரசிகிச்சையால் மாத்திரம் அகற்றலாம். நாயொன்றின் இரு கண்களும் சில வாரங்களில் விரைந்து வெளுத்து, அது மிகுதியாக நீர் குடித்துச் சிறுநீர் கழித்து மெலியுமாயின் நீரிழிவு நோயை ஐயுறுக.

பார்வை உண்டோ என்று அறிய, ஒரு பஞ்சுத் துண்டைப் பிராணியின் கண்முன் ஓசையின்றி விழவிடுக. பார்வையுள்ள பிராணி பெரும்பாலும் அதனைக் கண்ணால் தொடரும்.

வீட்டிற் செய்யத்தக்க முதலுதவி

நோவுற்ற பிராணி வளர்த்தவரையும் கடிக்கும். ஆகவே நாயின் வாயைத் துணிநாடாவாற் கட்டியும், பூனையைத் துவாயினாற் சுற்றியும் பிடிக்க. மூச்சுத் திணறும் பிராணிக்கும் தட்டை முகமுள்ள நாய்க்கும் வாய் கட்டலாகாது. அறியாத நாயை, சிறப்பாக நடத்தை மாறியுள்ள நாயைத் தொடாதீர்கள், விசர்நோயுள்ளதாயிருக்கலாம். கடியுண்டால் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி உடனே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்க.

கொதித்தாறிய நீர் ஒரு லீற்றரில் 9 கிராம் உப்பைக் கரைத்து, அதிற் பஞ்சை நனைத்து இமையின் மேலுள்ள பீளையைத் துடைக்க. ஒவ்வொரு கண்ணுக்கும் வேறு பஞ்சு வேண்டும். தடித்த கடதாசி மட்டையைக் கூம்பு வடிவில் வளைத்துக் கழுத்தில் மாட்டினால், பிராணி கண்ணைத் தேய்க்கமாட்டாது. கழுத்திற் கட்டிய கயிற்றைப் பற்றி இழுக்காதீர்கள். மார்புப்பட்டையாற் பிடித்துச் செல்க.

கண்ணிற் சுண்ணாம்பு, சீமெந்து, பூச்சிநாசினி, எருக்கலைப் பால், கள்ளிப் பால் ஆகியன பட்டால் மாத்திரம் ஒரு கணமும் தாமதியாதீர்கள். சுண்ணாம்பு போன்ற காரப்பொருள்கள் திரையை ஊடுருவி உள்ளே செல்லும் இயல்புடையன. எருக்கலைப் பால் முதலில் நோவு குறைவாயிருந்தும் உட்கலங்களைத் தாக்கித் திரையை மேகமாக்கவல்லது. சுத்தமான நீரை மெல்லிய தாரையாகக் கண்ணில் விட்டு இருபது நிமிடம் வரை கழுவிய பின்னரே பிராணியை எடுத்துச் செல்க.

கண்ணில் முள் குத்தி நிற்பின் அதனைப் பிடுங்காதீர்கள். பிடுங்கின் விழிநீர் வடிந்து கண் சுருங்கிவிடும்.

செய்யத்தகாதவை

புகையிலைச் சாறு, உப்புப்பொடி, தேன், இலைச்சாறு, தாய்ப்பால் முதலியவற்றைக் கண்ணில் இடுதலும், மென்ற மிளகை ஊதுதலும் சில இடங்களில் வழக்கமாயிருந்து வந்துள்ளன. இவை சில வேளை பயன்பட்டதாகத் தோன்றுதற்குக் காரணம், சிறு புண் எதுவும் இடாமலே ஆறும் இயல்புடையதாயிருத்தலேயாம். ஆறாத புண்ணில் இவை புதிய பற்றீரியாக்களையும் உறுத்தலையும் சேர்த்துவிடுகின்றன.

இவற்றினும் கொடியது, வீட்டில் மிஞ்சிக்கிடக்கும் மனிதருக்கான கண்மருந்து. அவற்றுட் பலவற்றில் டெக்ஸாமெதசோன், பெட்டாமெதசோன், பிரெட்னிசொலோன் என்னும் ஸ்டெரோயிட்டு மருந்துகள் கலந்திருக்கும். இவற்றை இட்ட மறுநாளே சிவப்பும் நீரும் குறையும். வீட்டார் மருந்தைப் புகழ்வர். ஆனால் புண் ஆறுவது தடைப்பட்டு, நார்ப்படை கரைவது விரைவாகும். பூனையின் ஹெர்ப்பிஸ் வைரசும் கிளர்ந்தெழும். இதே மருந்து புண்ணில்லாத வேறு கண்ணோய்களுக்கு நன்மருந்தாயிருப்பதால், புண் இல்லையென்று சோதித்தறிந்த வைத்தியரே அதனைக் கொடுக்கத்தக்கவர்.

நோவுக்கென்று பரசிற்றமோல் குளிசையைப் பூனைக்கு ஒருபோதும் கொடாதீர்கள். ஒரு குளிசையே பூனையைக் கொன்றுவிடவல்லது. மனிதருக்கான ஏனைய நோவுக் குளிசைகளும் நாய்க்கு நஞ்சாகலாம்.

வைத்தியரும் வீட்டாரும் செய்ய வேண்டியவை

வைத்தியர் புளோரசீன் என்னும் செம்மஞ்சட் சாயத்தைக் கண்ணில் இடுவார். மேற்றோல் உரிந்த இடத்தில் அது பற்றிப் பச்சையாக ஒளிரும். புண்ணின் அளவும் இடமும் இதனாற் புலப்படும். பின்னர் புண்ணின் தன்மைக்கேற்ப நுண்ணுயிர்கொல்லித் துளிமருந்தும், நோவைத் தணிக்கும் மருந்தும் கொடுப்பார். உருகு புண்ணுக்கு மணிக்கொருமுறையும் மருந்திட நேரும். நொதியத்தை அடக்குதற்குக் குருதித் தெளிநீரையும் துளியாக இடுவர். ஆழ்ந்த புண்ணைச் சத்திரசிகிச்சையால் மூடுவர். கண்ணை மரக்கச் செய்யும் துளிமருந்து சோதனைக்கு மாத்திரமே உரியது. அதனை வீட்டிற்குக் கேட்டுப் பெறாதீர்கள். அது புண் ஆறுவதைத் தடுக்கும்.

மருந்திடுங்கால் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக. பிராணியின் பின்புறமாக நின்று, தாடையை மேல்நோக்கி உயர்த்தி, கீழிமையைச் சிறிது தாழ்த்தி, போத்தலின் நுனி கண்ணிற் படாமல் ஒரு துளி விடுக. அதற்கு மேல் விடுவது வழிந்துபோகும். இரு துளிமருந்துகள் இருப்பின் ஐந்து நிமிட இடைவெளி விடுக. துளிமருந்தை முன்னும் களிம்பைப் பின்னும் இடுக. கண் திறந்துவிட்டது என்று இடையில் மருந்தை நிறுத்தாமல், சாயம் பற்றவில்லை என்று வைத்தியர் கண்ட பின்னரே நிறுத்துக.

புண் ஆறிய பின் எஞ்சும் வெண்வடு நோவு தருவதில்லை. இளம் பிராணிகளில் அது மாதக்கணக்கில் மெலிவடையும். அதனை “எடுப்பதற்காக” எதனையும் இடவேண்டியதில்லை. பார்வையை முற்றாக இழந்த நாயும், வீட்டிலுள்ள பொருள்களை இடம் மாற்றாது வைத்து, பெயர் சொல்லி அணுகினால், மோப்பத்தாலும் செவியாலும் நலமாக வாழும். ஆகவே கண் கெட்டதென்று பிராணியைத் தெருவில் விட்டுவிடுதல் தகாது.

தடுப்பு முறைகள்

1. நாய்க்கு டிஸ்டெம்பர், அடினோ வைரசு ஆகியவற்றுக்கான தடுப்பூசியும், பூனைக்குச் சுவாச நோய்த் தடுப்பூசியும், இரண்டுக்கும் விசர்நோய்த் தடுப்பூசியும் காலந்தவறாது இடுவிக்க. பூனைக்கான ஊசி ஹெர்ப்பிஸ் தொற்றை முற்றாகத் தடுக்காவிடினும் அதன் கொடுமையைக் குறைக்கும்.

2. புதிய நாய்க்குட்டியைப் பூனையுள்ள வீட்டிற் சில நாட்கள் காவலின்றி விடாதீர்கள். பூனையின் நகம் குட்டியின் கண்ணை ஆழமாகக் கிழித்துவிடும்.

3. நாய் நுழையும் வேலிப் பொட்டுக்களில் நீட்டிக்கொண்டிருக்கும் கருக்கு மட்டை, முட்கம்பி ஆகியவற்றை அகற்றுக. வேலியோரத்து எருக்கலையையும் கள்ளியையும் வெட்டுங்கால் பிராணிகளை அப்புறப்படுத்துக.

4. சுண்ணாம்பு, சீமெந்து, பூச்சிநாசினி ஆகியவற்றை மூடிவைக்க.

5. குளிப்பாட்டும்போது சவர்க்கார நுரை கண்ணிற் படாது காக்க.

6. உண்ணிகளை ஒழிக்க.

7. வாரத்துக்கொரு முறையேனும் இரு கண்களையும் வெளிச்சத்திற் பார்க்க.

நினைவிற் கொள்ளவேண்டியவை

வெண்மை நோயன்று, நோயின் அடையாளம். நோவில்லாத பழைய வெண்மை காத்திருக்கலாம். நோவுள்ள புதிய வெண்மை காத்திருக்கலாகாது. நடுவே தோன்றும் கரும்புள்ளி குணத்தின் குறியன்று, துளைபடப்போவதன் குறி. மிஞ்சிய மருந்து கண்ணுக்கு மருந்தன்று. சுத்தமான உப்புநீர், மட்டைக் கூம்பு, அன்றே செய்யும் பிரயாணம் ஆகிய மூன்றுமே வீட்டார் செய்யத்தக்க சிறந்த சிகிச்சையாகும்.

ஐயம் ஏற்படின் உங்கள் பகுதி அரசாங்க மிருக வைத்தியரை அணுகுக. கண் மூடிய அன்றைக்கே அணுகின் ஒரு சிறு போத்தல் மருந்தோடு தீர்ந்துவிடக்கூடிய காரியம், நான்கு நாள் கழித்து அணுகின் கண்ணையே எடுக்கவேண்டிய காரியமாக முடியலாம்.